ஹஜ்ரத் ஸுபைர் (ரலி) அவர்கள் விட்டுச் சென்ற சொத்தும், மகன் காத்த அமானத்தும்



ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் மவுத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிவதற்குள், அவர் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போவதை நாம் கண்டிருக்கிறோம். கபுருக் குழியில் தோளோடு தோள் நின்று மண் தள்ளிய அண்ணனும் தம்பியும், அடுத்த ரமலானில் ஒரே பள்ளியில் நோன்பு திறந்தும் முகம் பாராமல் எழுந்து செல்கிறார்கள். காரணம் என்ன? சொத்துத்தான். சொத்து இல்லாத வீட்டில் இச்சண்டை இல்லை. சொத்து இருந்து, அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்துவிட்டு வாப்பா போய்விட்ட வீட்டில்தான் சண்டை. பார்த்துக்கொள்பவர், எல்லாம் ஒழுங்காக முடியட்டும், பிறகு தருகிறேன் என்கிறார். பங்குக்கு உரியவர்கள், எங்கள் பங்கை நீ ஏன் பிடித்து வைத்திருக்கிறாய் என்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் சண்டை தீராமல் கோர்ட்டு வரை போகிறது.

இது நம் காலத்தில் பிறந்த வியாதியன்று. சுவனபதிக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவரான ஹஜ்ரத் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. பிள்ளைகள் பாகம் கேட்டார்கள்; மூத்தவர் மறுத்தார். ஆனால் அந்த வீடு உடையவில்லை. ஏன் உடையவில்லை என்பதை அறிய, அப்பெரியாரின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்பது நலம்.

பிறப்பும் வளர்ப்பும்

ஸுபைர் (ரலி) அவர்கள் மக்கத்துக் குறைஷிக் குலத்தில் பிறந்தவர்கள். தந்தை அவ்வாம், அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்களுடன் பிறந்தவர். தாயார் ஸஃபிய்யா (ரலி), நம் பெருமானார் (ஸல்) அவர்களின் மாமி, அதாவது தந்தையுடன் பிறந்த சகோதரி. ஆகவே ஸுபைர் அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு மாமி மகனும் ஆவார்கள். கதீஜா நாயகியாருக்கு மருமகனும் ஆவார்கள். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார்கள். தாயார் மிகக் கண்டிப்பாக வளர்த்தார்கள்.

இஸ்லாத்தை ஏற்ற முதல் சிலருள் அவர்களும் ஒருவர். அப்போது மீசை அரும்பாத பருவம். சிறிய தந்தை அவர்களைப் பாயில் சுருட்டி, அடியில் புகை மூட்டி, பழைய மார்க்கத்திற்குத் திரும்பும்படி வதைத்தார். ஸுபைர் அவர்கள் திரும்பவில்லை. ஈமானைக் காக்க ஹபஷா நாட்டிற்கும் சென்றார்கள். பின்னர் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்களை மணந்திருந்தார்கள். அஸ்மா அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்து, குபாவில் ஆண் மகவைப் பெற்றார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதற் குழந்தை அதுவே. அக்குழந்தைதான் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). பிற்காலத்தில் தந்தையின் சொத்துக்குப் பொறுப்பேற்ற மகன் இவரே.

வறுமையில் தொடங்கிய குடித்தனம்

இவ்வளவு பெரிய சொத்தை விட்டுச் சென்றவர் தொடக்கத்தில் எப்படி இருந்தார் தெரியுமா? மணமுடித்த காலத்தில் ஒரு குதிரையும், தண்ணீர் இறைக்க ஓர் ஒட்டகமும் தவிர வேறொன்றும் அவர்களிடம் இல்லை. அபூபக்கர் (ரலி) அவர்களின் செல்வ மகள், குதிரைக்குத் தீனி வைத்தார், தண்ணீர் சுமந்தார், மாவு பிசைந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு அளித்த நிலத்திலிருந்து, ஏறக்குறைய 2 மைல் தூரம், பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார். பின்னால் பிள்ளைகள் பங்கிட்ட செல்வத்திற்கு முன்னால் இப்படி ஒரு தலைச்சுமை இருந்தது. வாரிசுகள் இதை மறப்பதுதான் பல வீடுகளில் கோளாறின் தொடக்கம்.

பத்ரு, உஹது, கந்தக் முதலிய யுத்தங்கள் அனைத்திலும் அவர்கள் முன்னணியில் நின்றார்கள். பத்ரில் மஞ்சள் தலைப்பாகை அணிந்திருந்தார்கள். கந்தக் யுத்தத்தில், பகைவரின் செய்தியை அறிந்து வருபவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றவர் ஸுபைர் அவர்களே. அன்றுதான் அவர்களுக்கு ஹவாரி, அதாவது உற்ற துணைவர் என்னும் பட்டம் கிடைத்தது. உமர் (ரலி) அவர்கள் காலத்தில் மிஸ்ரு நாட்டுப் படையெடுப்புக்கு உதவியாகச் சென்று, பாபிலோன் கோட்டை மதிலில் ஏணி வைத்து ஏறினார்கள். கி.பி. 644-இல் உமர் (ரலி) அவர்கள் காயமுற்றுக் கிடந்தபோது, அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்க நியமித்த ஆறு பேரில் ஸுபைர் அவர்களும் ஒருவர்.

ஆனால் அவர்கள் எந்த ஊருக்கும் கவர்னராக இருந்ததில்லை. வரி வசூலிக்கும் பதவியை ஏற்றதில்லை. நாயகம் (ஸல்) அவர்களோடும், பின்வந்த கலீபாக்களோடும் யுத்தங்களில் கலந்து பெற்ற பங்கே அவர்களின் முதல். சொத்து எப்படி வந்தது என்பதில் யாரும் விரல் நீட்ட இடமில்லை.

உறவும் சந்தேகமும்

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். மதீனாவில் ஹர்ரா என்னும் கற்பூமியிலிருந்து வரும் வாய்க்கால் நீரைப் பற்றி ஸுபைர் அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. ஸுபைர் அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. அன்சாரியின் தோட்டம் கீழே. வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. ஸுபைர் தமக்கு வேண்டியதைப் பாய்ச்சிக்கொண்டு, நீரை அயலாருக்கு விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அது உண்மையில் அன்சாரிக்கு அனுகூலமான தீர்ப்பு. ஆனால் அவரோ, ஸுபைர் தங்கள் மாமி மகன் என்பதால் இப்படிச் சொன்னீர்கள் என்று குறைபட்டுக்கொண்டார். நாயகம் (ஸல்) அவர்களின் முகம் மாறிவிட்டது. பிறகு, வரப்படி வரை நீர் நிறையும் மட்டும் நிறுத்திக்கொள்ள ஸுபைருக்குள்ள முழு உரிமையையும் கொடுத்துத் தீர்ப்பளித்தார்கள்.

சகோதரர்களே, நீதியே உருவான நபி பெருமானாரைப் பார்த்தே, சொந்தக்காரருக்குச் சாதகம் செய்தார் என்று ஒருவர் சொல்லத் துணிந்தார் என்றால், நம்மைப் போன்றவர்களைச் சொல்லாமல் விடுவார்களா? குடும்பச் சொத்தைப் பார்ப்பவர் எவ்வளவு உத்தமராக இருந்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகம் வந்துவிட்டதே என்று கோபிப்பதில் பயனில்லை. அதற்கு இடமில்லாமல் நடப்பதே வழி.

பிறர் பிள்ளைகளுக்குப் பாதுகாவலர்

ஸுபைர் (ரலி) அவர்களின் நாணயத்திற்கு ஒரு பெரும் சான்று உண்டு. உதுமான் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) முதலிய ஏழு சஹாபாக்கள், தங்களுக்குப் பின் தங்கள் பிள்ளைகளையும் பொருளையும் பார்த்துக்கொள்ள ஸுபைர் அவர்களையே வஸியாக நியமித்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர்களோ அப்பிள்ளைகளின் முதலைத் தொடாமல் காத்து, செலவைத் தம் கைப்பணத்திலிருந்து செய்தார்கள். பாதுகாவலன் தன் செலவையும் பிள்ளைகளின் கணக்கில் எழுதுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

தம் சொந்த வீடுகளையும் அவர்கள் வக்ஃபு செய்தார்கள். அதில் போட்ட ஷரத்து மிகவும் நுட்பமானது. தம் பெண் மக்களில் எவரேனும் கணவனால் விலக்கப்பட்டு வந்தால், அவர் அவ்வீட்டில் குடியிருக்கலாம். அவர் பிறருக்குத் தொல்லை தரக் கூடாது, பிறரும் அவருக்குத் தொல்லை தரக் கூடாது. மறுபடி கணவன் வாய்த்து அவருக்கு ஆதரவு கிடைத்துவிட்டால், அப்போது அவருக்கு அதில் உரிமை இல்லை. யாருக்கு உரிமை, எப்போது உரிமை, எப்போது அது முடிகிறது, இருக்கும்போது எப்படி நடக்க வேண்டும் என்ற நான்கும் இதில் அடங்கிவிட்டன. பிள்ளைகளுக்காக என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு, எந்தப் பிள்ளைக்கு எப்போது என்று எழுதாமல் போன பத்திரங்களால் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமானத்து வேண்டாம், கடனாகத் தாருங்கள்

இத்தகையவரிடம் மக்கள் பணத்தைக் கொடுத்து வைக்க வந்ததில் அதிசயமில்லை. அக்காலத்தில் பேங்கு ஏது? நம்பிக்கையான மனிதர்தான் பேங்கு. நம் நாட்டிலும், முன்பு கப்பலேறி வந்து உழைத்தவர்கள், சம்பளப் பணத்தை நம்பிக்கையான கடைக்காரரிடம் கொடுத்து வைத்து, ஊருக்குப் போகும்போது வாங்கிச் சென்றதுண்டு.

அமானத்தாக வைத்திருங்கள் என்று யாரேனும் பணம் கொண்டுவந்தால், ஸுபைர் அவர்கள் அப்படி வாங்க மறுப்பார்கள். அது தொலைந்து போய்விடும் என்று அஞ்சுவதாகவும், ஆகவே கடனாகவே பெற்றுக்கொள்வதாகவும் கூறுவார்கள்.

இதில் உள்ள வித்தியாசத்தைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். ஒருவர் என்னிடம் 500 வெள்ளியை அமானத்தாக வைக்கிறார் என்று கொள்வோம். அதை நான் தொடக் கூடாது. தனியே கட்டி வைக்க வேண்டும். என் கவனக்குறைவு இல்லாமல் அது களவு போனால், ஷரீஅத்துப்படி நான் ஈடு செய்ய வேண்டியதில்லை; நஷ்டம் அவருக்கே. அதையே கடனாக வாங்கினால், நான் அதை வியாபாரத்தில் போடலாம். ஆனால் களவு போனாலும், தீப்பட்டு எரிந்தாலும், 500 வெள்ளியையும் நான் திருப்பித் தந்தாக வேண்டும். ஸுபைர் அவர்கள் நஷ்டத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். கொடுத்தவர் பணம் எந்நிலையிலும் காப்பாற்றப்பட்டது. இப்படிச் சேர்ந்த கடன்தான் கடைசியில் பெருந்தொகையாகி நின்றது. ஆகவே அவர்கள் கடனாளியானது ஆடம்பரத்தினாலன்று. பிறர் பொருளைக் காத்ததினால்.

கடைசி வஸிய்யத்து

ஹிஜ்ரி 36, கி.பி. 656-இல், பஸராவுக்கு அருகே ஜமல் யுத்தம் என்னும் துயர நிகழ்ச்சி ஏற்பட்டது. சஹாபாக்களுக்கிடையே நடந்ததைப் பற்றி நாவை அடக்குவதே நம் பெரியோர்கள் கற்றுத் தந்த அதபு. அன்று ஸுபைர் (ரலி) அவர்கள் தம் மூத்த மகன் அப்துல்லாஹ்வை அருகில் அழைத்தார்கள். தாம் அன்று அநியாயமாகக் கொல்லப்படக்கூடும் என்றும், தமக்குள்ள பெரிய கவலை தம் கடனே என்றும் கூறினார்கள். சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி பணித்தார்கள். கடன் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கை வஸிய்யத்துச் செய்து, அந்த மூன்றில் ஒரு பங்கை மறுபடி மூன்றாக்கி, அதில் ஒன்றை அப்துல்லாஹ்வின் மக்களுக்கு என்றார்கள். மகன் உயிரோடிருக்கையில் பேரப்பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். ஆகவே அவர்களுக்கு வஸிய்யத்துச் செல்லும்.

கடனை அடைக்க முடியாமல் தவித்தால் தம் எஜமானனிடம் உதவி கேட்கும்படியும் சொன்னார்கள். எந்த எஜமானன் என்று மகனுக்கு விளங்கவில்லை. கேட்டார். அல்லாஹ்தான் என்று பதில் வந்தது. பின்னாளில் கடன் சுமை நெருக்கியபோதெல்லாம், ஸுபைரின் எஜமானனே, அவர் கடனைத் தீர்த்து வைப்பாயாக என்று அப்துல்லாஹ் துஆச் செய்வாராம், வழி பிறக்குமாம்.

யுத்தகளத்தில் அலீ (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் பழைய வார்த்தை ஒன்றை நினைவூட்டவே, ஸுபைர் அவர்கள் போரை விட்டு நீங்கினார்கள். வழியில் வாதீ ஸிபா என்னுமிடத்தில், இப்னு ஜுர்மூஸ் என்பவன் அவர்களைக் கொலை செய்தான். இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். பஸராவுக்கருகே அவர்கள் அடங்கியிருக்கும் ஊர் இன்றும் ஸுபைர் என்றே வழங்குகிறது.

மகனின் சோதனை

ஒன்பது ஆண் மக்கள், ஒன்பது பெண் மக்கள், நான்கு மனைவியர் இருந்தார்கள். பெட்டியில் ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலங்கள் இருந்தன, அவற்றுள் மதீனாவுக்கு அருகில் உள்ள காபா என்பது முக்கியமானது. மதீனாவில் 11 வீடுகள், பஸராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1. கடனைக் கூட்டிப் பார்த்தார் அப்துல்லாஹ். 22 இலட்சம்! அப்போது அவருக்கு வயது சுமார் 35.

முதியவரான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வந்து, ஸுபைருக்கு எவ்வளவு கடன் என்று வினவினார்கள். தந்தையைப் பற்றிக் குறைவாக எண்ணிவிடக் கூடாதே என்று தொகையை மறைத்து, ஓர் இலட்சம் என்று மட்டும் சொன்னார். அதற்கே உங்கள் சொத்துப் போதாது என்றார்கள் ஹகீம். 22 இலட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார் அப்துல்லாஹ். உங்களால் தாங்க முடியாது, முடியாமற் போனால் என்னிடம் உதவி கேளுங்கள் என்றார்கள்.

அப்துல்லாஹ் காபா நிலத்தை விலை போட்டார். ஸுபைர் அவர்கள் அதை 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கியிருந்தார்கள். இப்போது அது 16 இலட்சம் பெற்றது. பிறகு, ஸுபைரிடம் வரவேண்டியது உள்ளவர்கள் அனைவரும் காபாவுக்கு வரலாம் என்று பகிரங்கமாக அறிவித்தார். கடன்காரனைக் கண்டு வாரிசு ஒளிவதுதான் உலக வழக்கம். இங்கே வாரிசு கடன் கொடுத்தவர்களைத் தேடி அழைத்தார்.

அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களுக்கு 4 இலட்சம் வர வேண்டியிருந்தது. நீங்கள் விரும்பினால் அதை விட்டுக்கொடுக்கிறேன் என்றார்கள். அப்துல்லாஹ் வேண்டாம் என்றார். அப்படியானால் கடைசியில் கொடுங்கள், காத்திருக்கிறேன் என்றார்கள். அதற்கும் இசையவில்லை. அப்படியென்றால் நிலத்தில் ஒரு பாகத்தைத் தாருங்கள் என்றார்கள். இங்கிருந்து அது வரை உமக்கு என்று எல்லை காட்டிக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கலாம். 4 இலட்சத்தைத் தள்ளுபடி வாங்கியிருந்தால் அது வாரிசுகளுக்கு லாபம்தானே? அதை மறுக்க இவருக்கு என்ன உரிமை? தள்ளுபடி பெறுவது ஹராமன்று. ஆனால் கடனை அடை என்றுதான் வாப்பா பணித்தார்கள். கடனைக் குறை என்றல்ல. சொத்து கடனைத் தாங்குகிறது என்று தெரிந்த பின், ஒருவரிடம் தள்ளுபடி வாங்கி மற்றவருக்கு முழுதும் கொடுத்தால் அது என்ன நியாயம்? இப்படித்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

நிலத்திலும் வீடுகளிலும் விற்றுக் கடனெல்லாம் தீர்த்த பின், காபாவில் நாலரைப் பங்கு மீந்தது. அப்துல்லாஹ், முஆவியா (ரலி) அவர்களிடம் சென்றார். பங்கு ஒன்றுக்கு 1 இலட்சம் என்று விலை மதிக்கப்பட்டது. முன்திர் ஒரு பங்கும், அம்ரு இப்னு உதுமான் ஒரு பங்கும், இப்னு ஸம்ஆ ஒரு பங்கும், அவரவர் 1 இலட்சத்துக்கு வாங்கினார்கள். மீதி ஒன்றரைப் பங்கை முஆவியா அவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். இதில் முன்திர் யார்? ஸுபைரின் மகன், அப்துல்லாஹ்வின் உடன்பிறந்த தம்பி. அன்னியருக்கு 1 இலட்சம், தம்பிக்கும் 1 இலட்சம். தம்பி என்று ஒரு திர்ஹமும் குறையவில்லை. விலை எல்லார் முன்னிலையிலும் பேசப்பட்டது. குடும்பச் சொத்தில் ஒருவருக்கு மட்டும் மலிவு விலை போடுவதும், விலையைக் காதோடு காதாகப் பேசுவதுமே பகைக்கு விதை. பின்னர் இப்னு ஜஃபர் அவர்கள் தம் பாகத்தை முஆவியா அவர்களுக்கு 6 இலட்சத்துக்கு விற்று 2 இலட்சம் லாபம் கண்டார்கள். கொடுத்தது கொடுத்ததுதான், அந்த லாபத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நான்கு ஹஜ்ஜு

கடன் தீர்ந்தது. இனி என்ன? மற்ற மக்கள் வந்தார்கள். எங்கள் வாரிசுப் பாகத்தைப் பிரித்துக் கொடும் என்று கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. அது அல்லாஹ் விதித்த பங்கு. அண்ணன் போடும் பிச்சையன்று.

அப்துல்லாஹ் மறுத்தார். ஆனால் எப்படி மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். நான்கு வருஷம், ஹஜ்ஜுக் காலத்தில், ஸுபைரிடம் கடன் வர வேண்டியவர் எவரேனும் இருந்தால் வாருங்கள், கொடுக்கிறோம் என்று அறிவித்த பின்பே பிரிப்பதாக ஆணையிட்டுச் சொன்னார். அதாவது காரணத்தைச் சொன்னார், கெடுவையும் சொன்னார். அக்காலத்தில் ஒரு செய்தி மக்காவிலிருந்து தூர தேசங்களுக்குப் போய்ச் சேரவும், அங்கிருந்து ஆள் திரும்பி வரவும் அவ்வளவு காலம் வேண்டியிருந்தது என்று ஹதீது விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஆகவே நான்கு வருஷம் என்பது வாய்க்கு வந்த கணக்கன்று. சொன்னபடி ஒவ்வொரு ஹஜ்ஜிலும் அறிவித்தார். நான்கு வருஷம் முடிந்ததும், ஒரு சாக்கும் சொல்லாமல், பங்கு பிரித்தார்.

இந்தத் தாமதத்தினால் அப்துல்லாஹ்வுக்கும் நஷ்டமே. அவரும் ஒரு வாரிசு. அவர் மக்களுக்கும் வஸிய்யத்துப் பங்கு உண்டு. தம்பிமார் காத்திருந்த நாளெல்லாம் அவரும் காத்திருந்தார். பொறுப்பாளர் தம் பங்கை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு மற்றவர்களைப் பொறுக்கச் சொன்னால் யார் பொறுப்பார்கள்?

கணக்கு

கடைக்காரனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. நான்கு மனைவியருள் ஒவ்வொருவருக்கும் 12 இலட்சம் கிடைத்தது. நால்வருக்கும் 48 இலட்சம். பிள்ளைகள் உள்ளபோது மனைவியருக்கு எட்டில் ஒன்று. ஆகவே வாரிசுகள் பிரித்தது 3 கோடியே 84 இலட்சம். வஸிய்யத்தான மூன்றில் ஒன்று 1 கோடியே 92 இலட்சம். இரண்டும் சேர்ந்து 5 கோடியே 76 இலட்சம். கடன் 22 இலட்சத்தையும் கூட்டினால் 5 கோடியே 98 இலட்சம் ஆகிறது. ஆனால் புகாரி ஷரீபில் மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்று வருகிறது. 96 இலட்சம் வித்தியாசம்! இது எங்கிருந்து வந்தது? 5 கோடியே 2 இலட்சம் என்பது மவுத்தான நாளில் இருந்த மதிப்பு. 96 இலட்சம் அந்த நான்கு வருஷத்தில் நிலத்திலும் வீட்டிலும் விளைந்த வருமானம் என்று விரிவுரையாளர்கள் பொருத்தம் காட்டுகிறார்கள்.

இது சரியென்றால், பங்கு பிடித்து வைக்கப்பட்ட காலத்தில் முதல் தேயவில்லை, வளர்ந்தது. வளர்ந்தது பொறுப்பாளர் பைக்குப் போகவில்லை. உரியவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. பல வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது. நாலு வருஷம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் வாடகை வரவும் காணோம், ரசீதும் காணோம்.

நமக்குள்ள பாடம்

பொறுப்பாளருக்கும் வாரிசுகளுக்கும் அபிப்பிராய பேதம் வருவது பாவமன்று. ஸுபைர் (ரலி) வீட்டிலும் வந்தது. அதைப் பகையாக்கியதும் ஆக்காததும் பொறுப்பாளரின் நடத்தைதான். கடனை மறைக்காமல் கூட்டினார். வர வேண்டியவர்களைக் கூவி அழைத்தார். ஒரே விலை போட்டார். தாமதத்திற்குக் காரணமும் கெடுவும் சொன்னார். கெடு வந்ததும் கொடுத்தார். வாரிசுகளும் தம் உரிமையை வாய்விட்டுக் கேட்டார்கள். காரணம் விளங்கியதும் பொறுத்தார்கள். நம் காலத்தில் நான்கு ஹஜ்ஜு வேண்டியதில்லை. பத்திரிகை உண்டு, டெலிபோன் உண்டு, பள்ளிவாசல் பலகை உண்டு. சில மாதங்களில் முடிய வேண்டியதைப் பத்து வருஷம் இழுப்பவர், நான் இப்னு ஸுபைரைப் பின்பற்றுகிறேன் என்று சொல்ல முடியாது.

உயிரோடிருக்கும் நாமும் ஸுபைர் அவர்களைப் போல் இன்றே சொல்லி வைக்க வேண்டும். யாரிடம் வாங்கினோம், யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் பொறுப்பு என்பதைப் பேரேட்டில் எழுதி, இரண்டு சாட்சிகளை வைக்க வேண்டும். நாளை என்பது நம் கையில் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்த முழு வரலாறும் நமக்கு எப்படிக் கிடைத்தது? அப்துல்லாஹ் சொல்லக் கேட்டு, அதைத் தம் மகன் ஹிஷாமுக்குச் சொல்லிக் கொடுத்தவர் உர்வா. இந்த உர்வா யார்? ஸுபைரின் இளைய மக்களுள் ஒருவர். தந்தை மறைந்தபோது இளம் பிராயத்தவர். பங்குக்காகக் காத்திருந்த வாரிசுகளில் அவரும் ஒருவர். பிற்காலத்தில் மதீனாவின் பெரிய ஏழு ஃபகீஹ்களில் ஒருவராக விளங்கினார். அண்ணன் என் பங்கைப் பிடித்து வைத்தான் என்று குறையாகச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. அண்ணனின் நாணயத்திற்குச் சாட்சியாக அதைத் தம் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்த தம்பியே சாட்சி சொல்லும்படி நடந்துகொண்டவர்தான் உண்மையான வஸி.

நம்மில் பிறர் பொருளுக்குப் பொறுப்பேற்றவர்களை வல்ல அல்லாஹ் அத்தகையோர் கூட்டத்தில் சேர்ப்பானாக! பொறுத்திருக்கும் வாரிசுகளுக்கு அவர்கள் உரிமையைக் குறைவின்றிச் சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.